பிரசவ அறைக்குள் உடன் வருவது யார்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. வலி எடுத்த பெண்ணைப் பிரசவ அறைக்குள் அழைத்துப் போகிறார்கள். சற்று நேரத்தில் செவிலியர் கதவைத் திறந்து, "கூட இருக்க ஒரே ஒரு ஆள் வாங்கம்மா" என்கிறார். வெளியே அம்மா, மாமியார், அத்தை, நாத்தனார் என்று நாலைந்து பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "நீங்க போங்க சம்பந்தி." "ஐயோ, எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுத்தும்." "சரி, அப்போ நான் போறேன்." கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் யார் நின்றாரோ அவர் உள்ளே போகிறார். போய் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு ஓரமாக நின்று, கையைப் பிசைந்து, தானும் அழுதுவிட்டு வருகிறார்.

வளைகாப்புக்கு எத்தனை வகைச் சாதம், வளையல் எந்தக் கடையில் என்று ஒரு மாதம் முன்பே பேசி முடிக்கிற நாம், இந்த ஒரு கேள்வியை மட்டும் வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு எட்டாம் மாதத்திலேயே பதில் கண்டுபிடிப்பது எப்படி, தேர்ந்தெடுத்த துணையை எப்படித் தயார் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

அரசு மருத்துவமனையில் உள்ள வசதி

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் தாயுடன் ஒரு பெண் துணை இருக்கும் ஏற்பாடு 2004-லேயே தொடங்கிவிட்டது. நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இதை அனுமதிக்க மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரசவம் முழுவதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்துள்ளது. 'அவரே தேர்ந்தெடுக்கும்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

துணையாக வருபவருக்குச் சில விதிகள் உண்டு. பெண்ணாக இருக்க வேண்டும். முடிந்தவரை தானும் பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது. தொற்றுநோய் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான உடையில் வர வேண்டும். பிரசவம் முடியும் வரை தாயைவிட்டு நகரக் கூடாது. மருத்துவர், செவிலியர் வேலையில் தலையிடக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு உதவப் போகவும் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி மறைப்பு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். இந்தத் துணைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

டூலா என்பவர் யார்?

சென்னை போன்ற நகரங்களில் 'டூலா' என்ற சொல் இப்போது காதில் விழுகிறது. பணிப்பெண் என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல் அது. அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல், தாய்ப்பால் பற்றி 1973-இல் வெளியிட்ட நூலில், புதிதாகப் பிள்ளை பெற்றவளைத் தாங்கிப் பிடிக்கும் பெண்ணுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். இன்று கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதற்குப் பிறகும் தாய்க்கும் குடும்பத்துக்கும் உடனிருந்து உதவப் பயிற்சி பெற்றவரை டூலா என்கிறார்கள். அவர் மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல, நம் ஊர்ப் பழைய மருத்துவச்சியும் அல்ல. ரத்த அழுத்தம் பார்ப்பது, உள்பரிசோதனை செய்வது, மருந்து கொடுப்பது எதுவும் அவர் வேலை இல்லை. விட்டுப் போகாமல் கூடவே இருப்பதுதான் அவர் வேலை.

'சும்மா கூட இருக்கிறதுக்கு ஒரு ஆளா?' என்று தோன்றும். 1980-இல் குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தபோது மருத்துவர்களே வியந்தார்கள். மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற இரு குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் செய்த ஆய்வு அது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருடன் முன்பின் தெரியாத, மருத்துவம் படிக்காத ஒரு சாதாரணப் பெண்ணை உட்கார வைத்தார்கள். அவர் செய்தது இவ்வளவுதான்: முதுகைத் தேய்த்தார், கையைப் பிடித்துக்கொண்டார், பேச்சுக் கொடுத்தார். துணையில்லாத பெண்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் நீண்ட பிரசவம், துணையிருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. சிறிய ஆய்வுதான், எல்லா இடத்திலும் இவ்வளவு வித்தியாசம் வரவில்லை. ஆனால் 2017-இல் 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைவதும், அறுவைசிகிச்சை குறைவதும், பிரசவத்தைக் கசப்பான அனுபவமாக நினைப்பது குறைவதும் தெரிந்தது.

காரணம் மாயம் எதுவும் இல்லை. பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து வலியின் வேகத்தைத் தடுக்கும். பயம் தணிந்தால், கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் தடையின்றிச் சுரக்கும். தனியாக விடப்பட்ட பெண்ணுக்கு வலியைவிட, 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பயமே பெரிது.

நாலு மணி நேரம் போதும்

காசு கொடுத்து டூலா வைத்துக்கொள்வது எல்லோராலும் முடியாது. தேவையும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 600 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதியினர் தங்கள் தோழியையோ உறவுப் பெண்ணையோ கூட்டிவந்தார்கள். அந்தத் துணைக்கு இரண்டு முறை, முறைக்கு 2 மணி நேரம் என்று மொத்தம் 4 மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவே. அந்தப் பெண்களுக்குப் பிரசவ நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. பிறந்த குழந்தைகளின் நிலையும் மேம்பட்டிருந்தது.

ஆக, நம் வீட்டு அக்காவோ சித்தியோ டூலாவின் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளாமல் உள்ளே போவதுதான் பிரச்சினை.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் மூத்தவர்தான் போக வேண்டும் என்ற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரியாதைக்கு அது சரி. ஆனால் இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கர்ப்பிணிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பேர் நடுவில் வைத்துக் கேட்டால், "அத்தையே வரட்டும்" என்றுதான் சொல்வாள். வேறு என்ன சொல்ல முடியும் அவளால்? அதனால் கணவர் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும்: "யார் பக்கத்துல இருந்தா உனக்குப் பயம் குறையும்?" அவள் சொல்லும் பெயர் மாமியாராகவும் இருக்கலாம், அடுத்த தெரு அக்காவாகவும் இருக்கலாம்.

நல்ல துணைக்கு அடையாளம்: குரல் உயராதவர், ஆபத்து நேரத்தில் பதறாதவர், சொன்னதைக் கேட்டு நடப்பவர். தன் பிரசவக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயமுறுத்துபவர் வேண்டாம். "நாங்கல்லாம் வயக்காட்டுலயே பெத்துட்டு எழுந்து வந்தோம்" என்பவரும் வேண்டாம்; வலியில் கிடப்பவளுக்கு அது ஆறுதல் அல்ல, ஏளனம். தெரிவு செய்யப்படாத பெரியவர்களுக்கு வருத்தம் வராமல் வேறு பொறுப்பு கொடுத்துவிடலாம். வெளியே ஆவணங்களை வைத்திருப்பது, கஞ்சி கொண்டு வருவது, பெரிய பிள்ளை இருந்தால் பார்த்துக்கொள்வது எல்லாமே பெரிய உதவிதான்.

ஒருவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டு நாள் சம்பளம் போவது சாதாரணமல்ல; வெளியூரில் இருப்பவருக்கு நடு ராத்திரியில் பஸ் கிடைக்காது. மாற்று ஆளாக இன்னொருவரையும் தயார் செய்யுங்கள்.

தனியார் டூலாவை அமர்த்துபவர்கள், எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை பிரசவங்களில் உடனிருந்தார், கட்டணம் எவ்வளவு, அவரால் வர முடியாவிட்டால் யார் வருவார் என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவமனை அவரை உள்ளே விடுமா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் விசாரியுங்கள். வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம், டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று சொல்பவர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதல் இரண்டு மணி நேரம்: வலி வருவதற்கு முன்

எட்டாம் மாதப் பரிசோதனைக்குத் துணையாக வரப்போகிறவரும் கூடப் போகட்டும். பிரசவம் எங்கே நடக்கும், ராத்திரியில் எந்த வாசல் திறந்திருக்கும், கழிப்பறை எங்கே என்று நேரில் பார்த்துவிட வேண்டும். செவிலியரிடம், "பிரசவ அறையில நான்தான் சிஸ்டர் கூட இருக்கப் போறேன். என்ன கொண்டுவரணும்?" என்று கேட்டுவிடலாம். முகம் பழகினால் அன்றைக்குப் பாதிப் பதற்றம் குறையும்.

ஒரு பைக்குள் எல்லாம் இருக்கட்டும்: தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பிக்மியில் பதிவு செய்தபோது கிடைத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், ஆதார், வங்கிப் புத்தகம். அந்த 12 இலக்க எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் தேவைப்படும். துணைக்கு வருபவர் அதைத் தன் போனிலும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தாயின் ரத்த வகை, ரத்தத்தின் அளவு, பிரஷர், சர்க்கரை இவை எப்படி இருக்கின்றன என்று துணைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் போவது, குழந்தையின் அசைவு குறைவது, கண் மங்கலுடன் கடும் தலைவலி, முகத்தில் திடீர் வீக்கம், வலிப்பு. இவை வந்தால் 'காலைல பாத்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

மிச்ச நேரத்தைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வலி வரும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்தால் பலருக்கு இதமாக இருக்கும். மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் அதைவிட மெதுவாக விடும் மூச்சை இருவரும் சேர்ந்து பத்து முறை செய்து பாருங்கள். சுவரைப் பிடித்து முன்பக்கம் சாய்ந்து நிற்பது, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் முதுகில் சாய்வது, இடது பக்கமாகப் படுப்பது, இவற்றில் எது சௌகரியம் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். கடைசியாக, "எதை நினைச்சா உனக்குப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். சிலருக்குப் பயம் வலி பற்றி இருக்காது. மலம் வந்துவிடுமோ, கத்தினால் திட்டுவார்களோ, மறுபடியும் பெண் பிறந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்றிருக்கும். கடைசிப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணவர்.

அடுத்த இரண்டு மணி நேரம்: அறைக்குள்ளே

தலைப்பிரசவம் மெதுவாகத்தான் நடக்கும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. விரிந்த பிறகுதான் பிரசவம் முழு வேகம் பிடிக்கிறது. அங்கிருந்து 10 செ.மீ. ஆவதற்கே 12 மணி நேரம்வரை ஆகலாம். அதற்குப் பிறகு குழந்தை வெளியே வர 3 மணி நேரம்வரை எடுக்கலாம். இது தெரியாததால்தான் குடும்பங்கள் பதறுகின்றன. "இன்னும் ஆகலையா?", "வலி ஊசி போட்டுச் சீக்கிரம் முடிச்சு விடுங்க டாக்டர்" என்று கேட்கிறார்கள். வலி ஊசி தேவையா இல்லையா என்பதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். நாம் அவசரப்படுத்துவதற்காகப் போடும் மருந்து அல்ல அது.

துணை செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலைகள். செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, வாய் உலராமல் அவ்வப்போது ஒரு மடக்கு தண்ணீர் கொடுப்பது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குழந்தை இறங்கத் தடையாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிக்க அழைத்துப் போவது. அனுமதி இருந்தால் நடக்க வைப்பது. வியர்வையைத் துடைப்பது. வலி வரும்போது பேச்சை நிறுத்தி, மூச்சை மட்டும் சேர்ந்து விடுவது. வலி விடும்போது, "ஒண்ணு முடிஞ்சுதுடா கண்ணு. இனி அந்த வலி திரும்பி வராது, அடுத்தது வேற" என்று சொல்வது. செவிலியர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்றால் எளிய வார்த்தையில் திருப்பிச் சொல்வது. அவளால் கேட்க முடியாததை, "சிஸ்டர், இப்ப எத்தனை விரல் திறந்திருக்கு?" என்று பணிவாகக் கேட்பது.

கூடாதவையும் சில உண்டு. செவிலியர் சொல்வதற்கு முன் "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்தக் கூடாது. வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் சக்திதான் வீணாகும். வயிற்றைப் பிடித்துக் கீழே தள்ளவே கூடாது, அதனால் கர்ப்பப்பைக்கே ஆபத்து. "கத்தாதே, அசிங்கமா இருக்கு" என்ற வார்த்தை வேண்டாம். போனில் படம் எடுப்பதும், உள்ளிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் வெளியே நிலவரம் சொல்வதும் வேண்டாம். அந்த அறையில் இன்னும் மூன்று பெண்கள் அதே கோலத்தில் இருக்கலாம்.

குழந்தை பிறந்து அழுதால், துடைத்து நேராகத் தாயின் மார்பில் போடுவார்கள். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது காத்திருப்பார்கள். குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் கிடைக்கும். 'ஏன் இன்னும் வெட்டலை?' என்று பதற வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தலையைச் சரியாகப் பிடித்துக் காட்டலாம். பெரியவர் கையால் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம் என்று வாசலில் நிற்பவர்களிடம் சொல்ல வேண்டியதும் துணைதான். இதில் கொஞ்சம் கெட்ட பெயர் வரும். பரவாயில்லை.

அறுவைசிகிச்சை என்றால்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைசிகிச்சையில்தான் நடந்தன. துணை இருந்தால் ஆபரேஷன் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. சில நேரங்களில் அதுதான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். டாக்டர் முடிவெடுத்தபின் வாக்குவாதம் செய்து நேரத்தைக் கடத்தக் கூடாது. ஏன் தேவை என்பதை ஒரு முறை தெளிவாகக் கேட்டு, அதைத் தாய்க்குச் சொல்லி, "நீ தோத்துப் போகலை" என்று கையைப் பிடித்து அனுப்புங்கள். பிறகு வார்டில் தையல் வலியுடன் அவள் பால் கொடுக்க, குழந்தையைப் பக்கவாட்டில் பிடித்துக் கொடுக்கும் கை வேண்டும். ஆபரேஷன் ஆனால் பால் சுரக்காது என்பது தவறு. அடிக்கடி வாய் வைத்தால் சுரக்கும்.

குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனால், மொத்தக் குடும்பமும் குழந்தையின் பின்னால் ஓடும். தாய் தனியாகக் கிடப்பாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குழந்தை தங்காமல் போய்விட்டால் இன்னும் மோசம். அவளிடம் மறைத்துவிட்டு ஜாடையில் பேசுவார்கள். அந்த நேரத்தில் துணை அவள் கட்டிலை விட்டு எழக் கூடாது. மருத்துவர் சொன்னதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவள் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்க விடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பச்சை உடம்பு

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்போம். அந்தச் சொல்லில் உள்ள கவனம் வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் பக்கம் போய்விடுகிறது. முதல் 24 மணி நேரம் ரத்தப்போக்குக்கு மிக ஆபத்தானது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுதாக நனைந்தால் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றத்துடன் கசிவு, கடும் தலைவலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது இவற்றைக் கவனியுங்கள், வந்தால் 108.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை நிறுத்துவது பல வீடுகளில் இன்னும் உண்டு. "தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும்" என்பார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். பருப்பு, கீரை, முட்டை, பழம் எல்லாம் வேண்டும். பூண்டுக் குழம்பு கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மற்றதையும் கொடுங்கள்.

மூன்று, நாலு நாளில் காரணமில்லாமல் அழுகை வரலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்கு மேலும் தூக்கமில்லாமல், குழந்தையைத் தொடப் பிடிக்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்று பேசினால் அது திமிரும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு. டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குடும்பத்தில் இதை முதலில் கவனிக்கக்கூடியவர், பிரசவ அறையில் அவள் கையைப் பிடித்திருந்தவர்தான். அவரிடம்தான் அவள் மறைக்க மாட்டாள்.

வீடு திரும்ப 102 ஊர்தி இலவசமாகக் கிடைக்கும். அதன் பிறகு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பச்சிளம் குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. வருகிற கிராம சுகாதாரச் செவிலியரிடம் குழந்தையின் எடையை மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், "இவளையும் கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். யாரும் வரவில்லை என்றாலோ, மருத்துவமனையில் துணையை அனுமதிக்க மறுத்தாலோ 104-இல் சொல்லலாம்.

துணையாக வந்தவர் தினமும் வர வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், மத்தியானம் வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படு, பசிச்சா நான் எழுப்புறேன்" என்று சொல்லி இரண்டு மணி நேரம் அவளைத் தூங்க விட்டால் போதும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் தாயையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய், தாய்க்கும் ஒரு பரிசோதனை செய்துவிட்டு வரலாம்.